கல்லெறி தூரம்: தனி ஜெபமும் கூட்டு ஜெபமும்

(லெந்து நாட்களில் நடந்த சபைக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜெபத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே விசுவாசிகள் சொல்லும் குறைகள் மூன்று. "முழங்கால் போட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் என்ன ஜெபிப்பது?" என்கிறார் ஒருவர். "கூட்டத்தில் உட்கார்ந்தால் கண்ணீரோடு ஜெபிக்கிறேன், வீட்டில் தனியாக உட்கார்ந்தால் மனசு கல்லாகக் கிடக்கிறது" என்கிறார் இன்னொருவர். "எனக்குக் கூட்டமெல்லாம் ஒத்துவராது, நானும் என் ஆண்டவரும் இருந்தால் போதும்" என்கிறார் மூன்றாமவர். மூன்றும் வேறு வேறு குறைகளாகத் தெரிகின்றன. எனக்கு இவை ஒரே குறையாகத்தான் தெரிகின்றன. தனி ஜெபத்தையும் சபை ஜெபத்தையும் நாம் பிரித்துவிட்டோம். தனியாக ஜெபிக்கிறவனைத் தாங்கிப் பிடிப்பது சபை. சபையாகக் கூடும் ஜெபத்துக்கு உயிர் கொடுப்பது, அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே தனியாகச் செய்துவிட்டு வரும் ஜெபம். இதை இன்று உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

முதலில் ஆண்டவரைப் பார்ப்போம். அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான இடத்துக்குப் போய் அவர் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அதற்கு முந்தின நாள் மாலையில் ஊர் முழுவதும் வாசலில் கூடி நின்றது. அவ்வளவு வேலைக்குப் பின்னும் அவர் விடியும்வரை தூங்கவில்லை. மலைப்பிரசங்கத்தில், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்கிறார். ஆனால் அதே மூச்சில் அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எடுத்துப் பாருங்கள். அப்பம், மன்னிப்பு, சோதனையிலிருந்து காவல் என்று அதில் கேட்கப்படும் எதையும் ஒருவர் தனக்கென்று கேட்கவில்லை. எல்லாரும் எல்லாருக்காகவும் கேட்கிறார்கள். பூட்டிய கதவுக்குள்ளும் சபை கூடவே இருக்கிறது.

கெத்செமனேயைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பஸ்கா இரவு. சீஷர்களைத் தோட்டத்தில் ஓரிடத்தில் உட்கார வைக்கிறார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மட்டும் கூட்டிக்கொண்டு இன்னும் உள்ளே போகிறார். தம்முடைய துக்கத்தை அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லி, கூட விழித்திருக்கக் கேட்கிறார். பிறகு அவர்களையும் விட்டு நகர்ந்து போகிறார். அந்தத் தூரத்தை லூக்கா அளந்து எழுதியிருக்கிறார்: கல்லெறி தூரம். கூப்பிட்டால் கேட்கும், ஆனால் கை நீட்டினால் எட்டாது. அங்கே தரையில் விழுந்து ஜெபிக்கிறார். எழுந்து வந்து பார்க்கிறார், மூவரும் தூங்குகிறார்கள். எழுப்பிவிட்டு மறுபடி போகிறார். மறுபடி வருகிறார், மறுபடியும் தூக்கம். மூன்று தரம் இப்படியே போகிறார், வருகிறார்.

உலகத்தின் பாவத்தைச் சுமக்கப் போகிற தேவகுமாரனுக்கே பக்கத்தில் மூன்று பேர் வேண்டியிருந்தது. அந்த மூன்று பேரும் அவருக்குப் பதிலாக ஜெபிக்க முடியாது. அந்தப் பாத்திரத்தை அவர் தனியாகத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவேதான் அந்தக் கல்லெறி தூரம். நம்முடைய ஜெப வாழ்க்கைக்கும் அந்த அளவுதான் சரி. அதைவிட நெருங்கினால் மற்றவர்களுடைய ஜெபத்தின் மேல் சாய்ந்துகொண்டு நாம் ஜெபிக்காமலே காலம் தள்ளிவிடுவோம். அதைவிட விலகினால் தூங்கிப்போகும்போது எழுப்ப ஆள் இருக்காது.

இந்த அளவைச் சரியாகப் பிடித்த ஒரு சபையின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கதையின் ஒரு நுனி நம் தரங்கம்பாடியில் இருக்கிறது.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது நம் எல்லாருக்கும் தெரியும். அவரும் அவருடைய உடன் ஊழியர்களும் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் போயின. அங்கே பிராங்கே என்ற போதகர் 1710 முதல் அவற்றை அச்சிட்டுப் பரப்பினார். அந்த ஹாலே பள்ளியில் அப்போது ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தான். பெயர் சின்சென்டார்ப். பிராங்கேயின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். 1715இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பி ஹாலேக்கு வந்தபோது அவரை நேரிலும் கண்டான். அந்தப் பள்ளிப் பிராயத்திலேயே சில நண்பர்களைச் சேர்த்து, ஜெபத்துக்கும் சுவிசேஷத்துக்கும் தங்களை ஒப்புக்கொடுக்கும் சிறு சங்கம் ஒன்றைத் தொடங்கினான். கடுகு விதையின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளானபின், 1722இல், மொரேவியாவில் விசுவாசத்துக்காகத் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த குடும்பங்களுக்குச் சாக்சனியில் தன் நிலத்தில் இடம் கொடுத்தான். அந்தக் குடியிருப்புதான் ஹெர்ன்ஹுட். வந்தவர்கள் எல்லாரும் பக்தியுள்ளவர்கள். ஆனாலும் அங்கே சீக்கிரமே சண்டை மூண்டது. லுத்தரன்கள் ஒரு பக்கம், சீர்திருத்த சபையார் ஒரு பக்கம், மொரேவியச் சகோதரர்கள் ஒரு பக்கம். ஆராதனை முறை எது, ஒழுங்கு எது என்று வழக்கு. ஒரே கர்த்தருக்காக வீடு வாசலை விட்டு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

சின்சென்டார்ப் டிரெஸ்டன் நகரத்தில் இருந்த அரசுப் பணியை விட்டு அங்கே வந்து தங்கினார். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார். 1727 மே மாதம் எல்லாரும் ஒரு உடன்படிக்கைக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கோடைக்காலம் முழுவதும் சிறு சிறு குழுக்களாகக் கூடி, பேசி, பாவத்தை அறிக்கையிட்டு, மன்னிப்புக் கேட்டு, ஜெபித்தார்கள். ஆகஸ்ட் 13ஆம் தேதி பக்கத்து ஊரான பெர்தல்ஸ்டார்ப் ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து திருவிருந்து எடுத்தார்கள். அன்றைக்குத்தான் தங்கள் சபை பிறந்தது என்று மொரேவியர் இன்றும் அந்த நாளை ஆசரிக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27இல், 24 சகோதரர்களும் 24 சகோதரிகளும் ஒரு பொருத்தனை செய்தார்கள். நாளின் 24 மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சகோதரர், ஒரு சகோதரி, தனித்தனியே அவரவர் இடத்தில் ஜெபிப்பார்கள். நள்ளிரவோ, அறுவடை நேரமோ, அவரவர் மணி அவரவருக்கு. களத்து நெல்லுக்கு முறை வைத்துக் காவல் இருப்பது போல, ஒருவர் முறை முடிய அடுத்தவர் முறை தொடங்கியது. வாரம் ஒரு தரம் அவர்கள் எல்லாரும் கூடினார்கள். யாருக்காக, எந்தக் காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். அந்த முறை நூறு ஆண்டுக்கு மேல் அறுபடாமல் நடந்தது என்று மொரேவியர் வரலாறு சொல்கிறது.

அதிலிருந்து பிறந்ததைப் பாருங்கள். 1732இல் அந்தச் சிற்றூரிலிருந்து இரண்டு பேர் கரீபியக் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவுக்கு, அங்கே அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களிடம் புறப்பட்டார்கள். அடுத்த வருஷம் வேறு சிலர் கிரீன்லாந்துக்குப் போனார்கள். 1760இல் மொரேவியச் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கே வந்து, ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியேறினார்கள். நம் கரையிலிருந்து போன கடிதங்கள் ஒரு பிள்ளையின் மனசில் விழுந்து, ஒரு சபையின் ஜெபமாகி, ஐம்பது வருஷம் கழித்து மறுபடி நம் கரையில் வந்து சேர்ந்தன. தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் இந்தக் கதையைச் சொந்தக் கதையாகவே கேட்கலாம்.

இதில் நாம் கற்றுக்கொள்ள நான்கு காரியங்கள் உண்டு.

முதலாவது, ஒப்புரவு முந்திற்று, ஜெபச் சங்கிலி பிந்திற்று. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றவரோடு மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்துகொண்டு, அவர் உட்காரும் வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்து எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோம். சொத்துத் தகராறில் உடன்பிறந்த தம்பி வீட்டு வாசலை மிதிக்காமல், தேசத்துக்காகத் திறப்பில் நிற்கிறோம். நம் ஜெபம் ஏன் ஆழமாகவில்லை என்பதற்குப் பல வீடுகளில் பதில் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, நேரம் குறித்தார்கள். ஆவியானவர் ஏவும்போது ஜெபிப்பேன் என்று விட்டுவிடவில்லை. தானியேல் தினம் மூன்று வேளை, எருசலேமுக்கு நேராகத் திறந்த பலகணியருகே முழங்காற்படியிட்டு ஜெபித்தார். ஜெபிக்கக் கூடாது என்று ராஜ கட்டளை பிறந்த அன்றும் அதே நேரத்தில் அதே பலகணியருகே போனார். தைரியம் அந்தப் பழக்கத்தில் ஊறிக் கிடந்தது. குறித்த நேரம் உள்ளவனுக்குத்தான் குறிக்காத நேரத்திலும் ஜெபம் வரும்.

மூன்றாவது, அறிந்து ஜெபித்தார்கள். வாரக் கூட்டத்தில் செய்தி கேட்டார்கள், தூர தேசத்துக் கடிதங்களை வாசித்தார்கள். பெயரும் ஊரும் தெரிந்த ஜெபம் ஐந்து நிமிஷத்தில் தீராது. "எல்லா ஊழியர்களையும் ஆசீர்வதியும்" என்பது ஒரு மூச்சில் முடிந்துவிடும். அதையே இந்தச் சேகரத்தில் தனிக் கிராமத்தில் இருக்கும் உபதேசியார் குடும்பம், அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மழையில் ஒழுகும் ஆலயக் கூரை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஜெபித்துப் பாருங்கள்.

நான்காவது, அவர்களுக்கு ஒரு வசனம் இருந்தது. 1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவசனத்தைத் தெரிந்து, அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 1731 முதல் அது வருஷந்தோறும் புத்தகமாக அச்சாகிறது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாகிறது. தனித்தனியாக ஜெபித்தவர்கள் ஒரே வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். நாம் பேசுவதற்கு முன்னால் அவர் பேசட்டும் என்று காத்திருப்பதே அதன் பொருள்.

இப்போது தனி ஜெபத்துக்கு வருவோம். வார்த்தை தீர்ந்துபோகிறவர்களுக்கு நான் காட்டும் வழி சங்கீதம். 150 சங்கீதங்களில் துதியைவிட முறையீட்டுப் பாடல்கள் அதிகம். நம் ஜெபக் கூட்டங்களில் துதி உண்டு, விண்ணப்பம் உண்டு. முறையீட்டுக்குத்தான் இடமே இல்லை. தேவனிடத்தில் வருத்தத்தைச் சொல்வது அவிசுவாசம் என்று யாரோ நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். தொடக்கத்தில் தாவீது நான்கு தரம் அடுத்தடுத்துக் கேட்கிறார்: இன்னும் எவ்வளவு காலம்? நீர் என்னை மறந்தது எவ்வளவு காலம், முகத்தை மறைத்தது எவ்வளவு காலம், என் மனசோடே நான் மல்லுக்கட்டுவது எவ்வளவு காலம், சத்துரு என்மேல் உயர்ந்து நிற்பது எவ்வளவு காலம் என்று. அதன்பின்தான் விண்ணப்பம்: என்னைப் பாரும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசியில் நம்பிக்கையும் பாட்டும். நடுவில் சத்துரு ஓடிப்போனதாக ஒரு வார்த்தையும் இல்லை. வெளியே எதுவும் மாறுவதற்கு முன்பே ஜெபிக்கிறவர் மாறியிருக்கிறார். 88ஆம் சங்கீதத்திலோ அந்தத் திருப்பமும் இல்லை. அது இருளிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார் என்றால், பாட்டு வராத நாளிலும் நாம் அவரிடம் போகலாம்.

செய்யும் முறை எளிது. காலையில் போனைத் தொடுவதற்கு முன் வேதத்தைத் திறங்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். மனசு எந்த வசனத்தில் தட்டி நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள்; அதிகாரத்தை முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். அந்த வசனத்தை உங்கள் சொந்த வார்த்தையில் கர்த்தருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருங்கள். 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மலைமடம் ஒன்றில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்ற துறவி இதையே வாசிப்பு, தியானம், ஜெபம், மவுனமாய் அவரை நோக்கியிருத்தல் என்று நான்கு படிகளாக எழுதி வைத்தார். நினைவு அலைந்தால் கலங்க வேண்டாம். கடையில் கொடுக்க வேண்டிய பாக்கி நினைவுக்கு வந்தால் அதையே ஜெபமாக்குங்கள். மகளுக்கு வரன் அமையாத கவலை வந்தால் அதையும் அவர் முன் வையுங்கள். கவனத்தைக் கெடுக்க வருவது பெரும்பாலும் நாம் ஜெபிக்காமல் ஒதுக்கி வைத்த காரியமாகத்தான் இருக்கும்.

அடுத்தது வீடு. குடும்ப ஜெபம் நம் தகப்பன்மாரும் தாய்மாரும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து. சாயங்காலம் விளக்கேற்றி, பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு பகுதி வாசித்து, எல்லாரும் முழங்கால் போடுவார்கள். இன்று அந்த நேரத்தைத் தொலைக்காட்சித் தொடரும் டியூஷனும் எடுத்துக்கொண்டன. தினமும் முடியாவிட்டால் முடிகிற நாட்களைக் குறியுங்கள். பெரியவர்கள் நீளமாக ஜெபித்துப் பிள்ளைகளைக் களைப்பாக்க வேண்டாம். வீட்டில் சின்னவரை முதலில் ஜெபிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை வகுப்பில் தன்னை அடிக்கிற பையனுக்காக ஜெபிக்கும்போதுதான், அப்படி ஒருவன் இருப்பதே அப்பாவுக்குத் தெரியவரும். கணவனும் மனைவியும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி, கேட்கும்படியாக ஜெபியுங்கள். அன்றைக்குச் சண்டை போட்டிருந்தால் அது கஷ்டமாக இருக்கும். கஷ்டப்பட்டாவது செய்யுங்கள்.

பிறகு ஜெபக்குழு. இங்கே மனம் திறந்து சில வார்த்தை சொல்ல வேண்டும். நம் குழுக்களில் வரம் பெற்றவர்கள் என்று இரண்டு பேர் அரை அரை மணி நேரம் ஜெபிக்கிறார்கள். மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள். பேசத் தெரியாத சகோதரி வருஷக்கணக்காக வாய் திறப்பதில்லை. இதை மாற்றுங்கள். ஒருவர் ஒரு காரியத்தை எடுத்து இரண்டு மூன்று வாக்கியத்தில் ஜெபிக்கட்டும். அடுத்தவர் அதே காரியத்தைத் தொடரட்டும். அது முடிந்தபின் அடுத்த காரியத்துக்குப் போகலாம். நடுவில் மவுனம் வந்தால் உடனே பாட்டெடுத்து அதை நிரப்பாதீர்கள்.

இன்னொன்று, ஜெபக்குறிப்பு. "அவர்கள் வீட்டில் பிரச்சினை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற பெயரில் எத்தனை குடும்பங்களின் ரகசியம் தெருவுக்கு வந்திருக்கிறது! ஒருவர் துக்கத்தை அவர் அனுமதி இல்லாமல் குழுவில் சொல்லக் கூடாது. குழுவில் கேட்டது குழுவை விட்டு வெளியே போகக் கூடாது. இந்த நம்பிக்கை இல்லாத குழுவில் தேர்வு, வேலை, காய்ச்சல், பிரயாணம் இவற்றைத் தாண்டி ஜெபம் ஆழப்படவே படாது. குடியில் சிக்கிய கணவனைப் பற்றி, மகனுடைய கடனைப் பற்றி, தன் சொந்த விசுவாசத்தின் தளர்ச்சியைப் பற்றி ஒரு ஆத்துமா வாய் திறந்து சொல்ல வேண்டுமானால், கேட்கிற மூன்று நான்கு பேரின் வாய் பூட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக, எல்லார் மனசிலும் இருக்கும் கேள்வி. இவ்வளவும் செய்து கேட்டது கிடைக்காவிட்டால்?

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பேதுரு சிறையில் இருக்கிறார். சபையார் மாற்கு எனும் யோவானின் தாய் மரியாளின் வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள். தூதன் விடுதலையாக்குகிறான். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் வந்து குரலைக் கேட்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே அவளை நம்பவில்லை. இந்தப் பகுதியை நாம் விரும்பிப் பிரசங்கிக்கிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டான் என்று எழுதியிருப்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கெத்செமனேயில் கூட இருந்த அதே யாக்கோபு. அவரைப் புதைத்த சபைதான் பேதுருவுக்காக மறுபடி முழங்கால் போட்டது. ஏன் ஒருவர் மரித்தார், ஒருவர் தப்பினார் என்று வேதம் நமக்கு விளக்கம் சொல்லவில்லை. ஜெபிப்பதை அவர்கள் நிறுத்தவில்லை என்று மட்டும் சொல்கிறது.

ஹெர்ன்ஹுட்டாருக்கும் அப்படியே. தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியர்கள் 1768 முதல் நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்யப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக நோயில் மாண்டார்கள். 1787இல் அந்த ஊழியமே நின்றுபோனது. அவர்களுக்காக ஊரில் ஒவ்வொரு மணியும் ஒருவர் முழங்காலில் இருந்த காலம் அது. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகும் அடுத்த மணிக்குரியவர் தன் முறைக்கு எழுந்தார். துக்கத்தில் தனித்து விடப்பட்ட ஒருவன் ஜெபத்தை விட்டுவிடுவது எளிது. அடுத்த முறைக்காரர் காத்திருக்கிறார் என்று தெரிந்தவனால் விட முடியாது. நம்மால் ஜெபிக்கவே முடியாத வாரங்களில் நமக்காக ஜெபிக்கிறவர்கள் இருக்க வேண்டும். அவர்களுக்கு அப்படி வாரம் வரும்போது நாம் இருக்க வேண்டும். சபை என்று ஒன்றைத் தேவன் ஏற்படுத்திய காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆகையால், அன்பானவர்களே, பெரிய தீர்மானங்களோடு கலைந்துபோக வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். அவர் முகம் கொடுக்காவிட்டாலும் நீங்கள் போனது போனதுதான். இரண்டாவது, நாளில் கால் மணி நேரம் குறித்து, இத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சேகரகுரு ஐயாவிடம் கொடுங்கள். நம் சபையில் எந்தெந்த மணி நிரம்பியிருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று அவர் சொல்லட்டும்; விடியற்காலை மணிகளை வயதில் பெரியவர்களும், இரவு மணிகளை வாலிபரும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, உங்களை மனம் விட்டுக் கேட்கக்கூடிய இரண்டு பேரைத் தெரிந்துகொண்டு, வாரம் ஒரு தரம் அவர்களோடு உட்காருங்கள். "போன வாரம் ஜெபித்தாயா?" என்று அவர்கள் உங்களைக் கேட்கட்டும். நீங்களும் அவர்களைக் கேளுங்கள். லெந்து நாட்கள் முடிந்து உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனைக்கு நாம் வரும்போது, ஒருவரையொருவர் தாங்கி ஜெபித்த ஜனமாக வருவோம். கர்த்தர் அதற்கு நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.